மேஜையின் மறுபக்கம் போய் நில்லுங்கள்

இம்முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒரு கட்டு மட்டும் தனியாக உயர்ந்து நின்றது. வேலையை ஒப்படைக்க மனம் வராதவர்கள், வளர்ந்த பிள்ளையின் பின்னாலேயே நடப்பவர்கள், ஒருமுறை ஏமாந்து இன்னும் எழுந்திருக்காதவர்கள், தங்களை ஒருவரும் நம்பவில்லையே என்று குமுறுகிறவர்கள். இந்த இதழின் பக்கங்களை அவர்களுக்கே கொடுத்துவிட்டேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் 31 ஆண்டுகள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள். கடைசி 9 ஆண்டுகள் தியேட்டர் பொறுப்பு என்னிடம் இருந்தது. மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்புவதையும், நம்ப முடியாமல் திணறுவதையும் நான் கற்றது அந்த அறையில்தான். பதில்களும் அங்கிருந்தே வரும்.

கேள்வி: எட்டுப் பேர் உள்ள ஒரு பிரிவுக்கு நான் பொறுப்பு. வேலையைப் பிரித்துத்தான் கொடுக்கிறேன். ஆனால் அவர்கள் தருவது திருப்தியாக இல்லை. இரவு உட்கார்ந்து நானே மாற்றி எழுதுகிறேன். இப்போது எதற்கெடுத்தாலும் என்னிடமே வந்து நிற்கிறார்கள். இவர்களை எப்படி நம்புவது?

பதில்: இரவில் நீங்கள் மாற்றி எழுதியதைக் காலையில் அவர்கள் பார்க்கிறார்கள் அல்லவா? தான் எழுதியதில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை என்று கண்டவர், அடுத்த முறை எதற்கு மெனக்கெடுவார்? எப்படியும் மாற்றத்தானே போகிறார் என்று அரைகுறையாக முடித்துத் தருவார். அந்த அரைகுறையைப் பார்த்துவிட்டு, நான் நினைத்தது சரிதான் என்று நீங்கள் மறுபடி இரவு உட்காருவீர்கள். உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த எட்டுப் பேரை நினைத்தால் அதைவிட வருத்தமாக இருக்கிறது. கை இருந்தும் கைகட்டி நிற்கப் பழகிவிட்டார்கள்.

வயிற்றைத் திறந்து செய்யும் குடல்வால் அறுவைசிகிச்சையில் செய்பவர் நோயாளியின் வலப்பக்கம் நிற்பார். உதவி செய்பவர் எதிரே, இடப்பக்கம். பயிற்சி மருத்துவர் மாதக்கணக்கில் இடப்பக்கம் நின்று, காயத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டர் என்ற கருவியைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் மூத்த சர்ஜன், கையுறை போட்டு முடித்ததும், ஒன்றும் சொல்லாமல் மேஜையைச் சுற்றிப் போய் இடப்பக்கம் நின்றுகொள்வார். வலப்பக்கம் காலியாக இருக்கும். அவ்வளவுதான். அந்தக் காலி இடத்துக்கு வந்து நிற்கிற பிள்ளையின் கண்ணை, முகக்கவசத்துக்கு மேலே, எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இடம் மாறிய பிறகு மூத்தவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிலருக்கு எதிர்ப்பக்கம் போன பிறகும் கை நிற்காது. கத்தரியை வாங்கித் தாங்களே வெட்டுவார்கள். "இப்படி இல்ல, இப்படி" என்று ஒவ்வொரு தையலுக்கும் சொல்வார்கள். அரை மணி நேரம் போனால் அந்த இளையவரின் கை மட்டும்தான் அங்கே இருக்கும். யோசிப்பதை அவர் நிறுத்தியிருப்பார். நல்ல ஆசான்கள் வேறு மாதிரி. ரிட்ராக்டரை அவர்கள் பிடிக்கும் விதத்திலேயே காயத்தின் அடிவரை தெளிவாகத் தெரியும். எதை வெட்ட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று வாயால் சொல்லாமல் கண்ணுக்குத் திறந்து காட்டுவார்கள். இடம் கொடுப்பது என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை அவர்கள் கையால் செய்வார்கள்.

உங்கள் வேலையில் ரிட்ராக்டர் எது? அவர்களுக்குத் தேவையான தகவல், பழைய கோப்புகள், பேச வேண்டிய ஆட்களின் அறிமுகம், குறுக்கே வரும் மேலதிகாரியைத் தடுத்து நிறுத்துவது. இவற்றையெல்லாம் நீங்கள் பிடித்துக்கொடுத்தால் அவர்களுக்கு வழி தெரியும். நீங்களோ கத்தரியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதற்குப் படிகளும் உண்டு. நெதர்லாந்தின் மருத்துவக் கல்வியாளர் ஓலே டென் கேட் 2005-ல் முன்வைத்த கருத்தையொட்டி வளர்ந்த ஒரு முறை, ஓர் இளம் மருத்துவரிடம் ஒரு வேலையை எந்த அளவுக்கு ஒப்படைக்கலாம் என்பதை 5 படிகளாகப் பிரிக்கிறது. முதலில் பார்க்கலாம், செய்யக் கூடாது. அடுத்து, மூத்தவர் அதே அறையில் நிற்கச் செய்யலாம். பிறகு, கூப்பிட்டால் வரும் தூரத்தில் மூத்தவர் இருக்க, தனியாகச் செய்யலாம். நான்காம் படியில் மேற்பார்வையே வேண்டாம். ஐந்தாவதில் அவரே இன்னொருவருக்கு மேற்பார்வையாளர். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, படியை ஆளுக்குத் தராமல் வேலைக்குத் தருவது. ஒரே மருத்துவர் தோலைத் தைப்பதில் நான்காம் படியிலும் குடலை இணைப்பதில் இரண்டாம் படியிலும் இருப்பார். "இவரை நம்பலாமா" என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தால் ஆயுள் முழுக்கப் பதில் வராது. "இந்த வேலைக்கு, இவரை, எவ்வளவு தூரத்தில் நின்று" என்று கேளுங்கள். எட்டுப் பேருக்கும் ஒரே மாலையில் பதில் எழுதிவிடலாம். எழுதியதை அவர்களிடமும் காட்டுங்கள். தான் எந்தப் படியில் இருக்கிறோம், அடுத்த படிக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் இருப்பதுதான் ஒருவரை வாட்டும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் பீறிட்டால் மூத்தவர் உடனே கையை நுழைப்பார். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் எல்லைக்கோடு எல்லோருக்கும் தெரியும். உங்கள் வேலையில் ரத்தம் எது, வெறும் முடிச்சு எது என்று பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு சர்ஜனும் ஒவ்வொரு விதமாக முடிச்சுப் போடுவார். அவிழாமல் இருந்தால் அது நல்ல முடிச்சுதான். நீங்கள் இரவில் திருத்துவதில் எத்தனை உண்மையான தவறு, எத்தனை "என் முறை இல்லை" என்று ஒரு வாரம் கணக்குப் போடுங்கள். தவறாக இருந்தால் இரண்டு வரிக் குறிப்போடு எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கள். முதல் மாதம் தாமதம் ஆகும், உங்களுக்குக் கை அரிக்கும். அதைப் பொறுத்துக்கொள்வதுதான் இனி உங்கள் வேலை.

கேள்வி: 15 வயது மகள். சில மாதங்களாக எதையும் சொல்வதில்லை. அவள் குளிக்கப் போகும்போது போனை எடுத்துப் பார்க்கிறேன். தவறு என்று தெரிகிறது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

பதில்: உங்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பயத்தில்தான் செய்கிறீர்கள். ஆனால் ஒன்றைக் கேளுங்கள். ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்கள் பெற்றோரையும் வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள்; 2000-ல் வெளியானது. பிள்ளை எங்கே போகிறது, யாரோடு இருக்கிறது என்பது சில பெற்றோருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளைகள் வம்பில் மாட்டுவதும் குறைவாக இருந்தது. கண்காணிப்பின் பலன் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த விவரங்கள் பெற்றோருக்கு எப்படித் தெரிந்தன என்று இவர்கள் துருவிப் பார்த்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகளே வந்து சொன்னதால் தெரிந்திருந்தது.

ஆகவே உங்கள் மகளைக் காப்பது அவள் வாய். அந்த வாய் திறப்பதற்கு எதெல்லாம் தடை என்று பாருங்கள். முன்பு ஏதாவது சொன்னபோது கத்தினீர்களா? அவள் தோழியைப் பற்றிச் சொன்னதை அந்தத் தோழியின் அம்மாவிடம் சொன்னீர்களா? அவள் சொன்ன மறுநொடியே அறிவுரை ஆரம்பித்ததா? இதில் ஒன்று நடந்திருந்தாலும் போதும். அந்த ஒன்றுக்காக அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். பெற்றவள் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

போனைப் பார்த்ததையும் நீங்களே சொல்லிவிடுங்கள். "பயந்துபோய்ப் பார்த்துட்டேன், இனிமே உனக்குத் தெரியாம பார்க்க மாட்டேன்" என்ற வாக்கியம் தொண்டையில் சிக்கும், சொல்லுங்கள். கோபப்படுவாள், படட்டும். தெரியாமல் என்ற சொல்லைக் கவனியுங்கள். யாரோ அவளை மிரட்டுகிறார்கள், தன்னையே காயப்படுத்திக்கொள்கிறாள், முகம் தெரியாத ஒரு பெரியவர் தனியாகச் சந்திக்கக் கூப்பிடுகிறார் என்ற அறிகுறி தெரிந்தால் அது ரத்தம். அப்போது அவள் முன்னாலேயே, அவளுக்குச் சொல்லிவிட்டு, கையை நுழைக்க வேண்டும். மற்றபடி தோழிகளோடு அவள் பேசும் கிசுகிசு அவளுடையது.

கேள்வி: தேர்வு செய்து நம்பு என்கிறார் வள்ளுவர். அப்படியென்றால் சோதித்துக்கொண்டே இருப்பது சரிதானே?

பதில்: குறள் 510-ஐ முழுக்கச் சொல்லிப் பாருங்கள்.

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

ஆராயாமல் ஒருவரை நம்புவது தீராத துன்பம் தரும் என்பது பாதிதான். நம்பித் தெளிந்த பிறகு அவர்மேல் சந்தேகப்படுவதும் அதே தீராத துன்பத்தைத் தரும் என்று அதே மூச்சில் சொல்கிறார். முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் அதிகம். ஆராய்ச்சிக்கு ஒரு முடிவு நாள் வேண்டும். அந்த நாளுக்குப் பிறகும் ஆராய்ந்துகொண்டிருப்பவர் இன்னும் தெளியவில்லை என்றே பொருள்.

கேள்வி: பத்து வருட நண்பர். கூட்டாக ஒரு தொழில் நடத்தினோம். கணக்கை நான் பார்க்கவே இல்லை. நண்பனிடம் கணக்குக் கேட்பதா என்று கூச்சம். கடைசியில் பெரிய தொகையைச் சுருட்டிவிட்டார். இனி மனிதர்களை நம்ப முடியுமென்று தோன்றவில்லை.

பதில்: நடந்தது கொடுமை, தம்பி. அது உங்கள் குற்றம் இல்லை, எடுத்தவர் குற்றம். இதை முதலில் மனதில் நிறுத்துங்கள். சட்டப்படி செய்ய வேண்டியதைத் தயங்காமல் செய்யுங்கள். நட்பு என்று பார்க்காதீர்கள், அதை முடித்தவர் நீங்கள் இல்லை.

ஆனால் அந்தக் கூச்சத்தைப் பற்றிப் பேச வேண்டும். தியேட்டரில் நாங்கள் எண்ணுவோம். வயிற்றைத் திறக்கும் முன் ஒருமுறை, வயிற்றுக்குழியை மூடும் முன் ஒருமுறை, தோலைத் தைக்கும் முன் ஒருமுறை. நடுவில் ஆள் மாறினால் அப்போதும். ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணி மாப், ஊசி, கருவி எல்லாவற்றையும், மேஜையருகே நின்று கருவி எடுத்துத் தரும் ஸ்க்ரப் நர்ஸும், மேஜைக்கு வெளியே நின்று உதவும் நர்ஸும் சேர்ந்து, இருவரும் பார்க்க, வாய்விட்டு எண்ணுவோம். என்னோடு 20 வருடம் நின்ற ஒரு தோழி இருந்தாள். என் உயிரை அவளிடம் கொடுப்பேன். அவளோடும் ஒவ்வொரு முறையும் எண்ணினேன். ஒருநாளும் அவள், "என்னை நம்பலையா" என்று கேட்டதில்லை. வயிற்றுக்குள் மாப்பை மறப்பவர்கள் கெட்டவர்கள் இல்லையே. களைத்தவர்கள், அவசரத்தில் இருந்தவர்கள். எண்ணுவது எங்கள் இருவரையும் காப்பாற்றியது. எண்ணியதால்தான் அவளோடு 20 வருடம் நிம்மதியாக வேலை செய்தேன் என்றுகூடச் சொல்வேன்.

உங்கள் தொழிலில் அந்த எண்ணிக்கை இல்லை. மாதம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து கணக்கைச் சத்தமாகப் படிக்கும் வழக்கம் முதல் நாளிலிருந்தே இருந்திருந்தால் அவருக்கும் சபலம் வந்திருக்காதோ என்னவோ. அடுத்து யாரோடு சேர்ந்தாலும் உறவு நன்றாக இருக்கும் நாளிலேயே எண்ணத் தொடங்குங்கள். சந்தேகம் வந்த பிறகு எண்ணினால் அது விசாரணை ஆகிவிடும். எண்ணிக்கை ஒழுங்காக இருக்கும் இடத்தில் மனதை விரித்து நம்பலாம். மனிதர்களே வேண்டாம் என்று மூடிக்கொண்டால், அந்த நண்பர் உங்கள் பணத்தோடு மீதி வாழ்க்கையையும் எடுத்துக்கொண்டு போனதாக ஆகும். அதை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் கூட்டங்களில் கருத்துக் கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நான் கடுமையானவன் இல்லை. ஏன் பேசுவதில்லை?

பதில்: கூட்டம் தொடங்கி முதல் சில நிமிடம் யார் குரல் கேட்கிறது? உங்களுடையது மட்டுமா?

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவைசிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. மொத்தம் 19 விஷயங்கள். அதில் ஒன்று, கத்தி வைக்கும் முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்வது. எனக்கு அப்போது இது வீண் சடங்காகத்தான் பட்டது. தினமும் பார்க்கிற முகங்கள்தானே. ஆனால் எங்கள் அறையில் வாயே திறக்காத ஒரு பெண், காலையில் ஒருமுறை தன் பெயரைச் சத்தமாகச் சொன்ன பிறகு, பிற்பகலில் "சார், சக்ஷன் வேலை செய்யல" என்று தானாகச் சொன்னதைக் கேட்டேன். ஒருமுறை ஒலித்த குரலுக்கு இரண்டாம் முறை ஒலிப்பது எளிது. இந்தப் பட்டியலை 8 நகரங்களில் 8 மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன, 2009-ல் வெளியானது. எல்லாம் பெயர் சொன்னதால் வந்தது என்று சொல்ல மாட்டேன், மற்ற 18-ம் இருக்கின்றன.

பேசியும் பயனில்லாமல் போன ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினைச் சேர்ந்த டெனரிஃப் தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி. கிளம்பி ஓடிக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளர், மற்ற விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதன்பின் வற்புறுத்தவில்லை. அந்தக் கேப்டன் அவர்களின் நிறுவனத்தில் மிகவும் மதிக்கப்பட்டவர். நீங்கள் கடுமையானவராக இருக்க வேண்டியதே இல்லை, ஐயா. உங்களுக்கு இருக்கும் மதிப்பே மற்றவர் வாயை அடைத்துவிடும். அதனால் நீங்கள் கடைசியில் பேசுங்கள். உங்கள் கருத்தை மறுத்து யாராவது ஒன்று சொல்லி, அதனால் உங்கள் முடிவு மாறினால், மாறியது அவரால்தான் என்று அதே கூட்டத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 29. அப்பாவின் தொழிலில் ஏழு வருடமாக இருக்கிறேன். ஒரு கடிதம்கூட அவரைக் கேட்காமல் அனுப்ப முடியாது. எனக்குத் திறமை இருக்கிறது என்று அவருக்குப் புரியவைப்பது எப்படி?

பதில்: உங்கள் அப்பாவின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வேண்டும்.

தியேட்டர் பொறுப்புக்கு வந்த புதிதில் ஓர் இளம் நர்ஸ் வந்தாள். கை அவ்வளவு சுத்தம். சர்ஜன் காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டுவார்; கேட்பதற்கு முன்பே சரியான ஃபோர்செப்ஸை அவர் உள்ளங்கையில் பதிய வைப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் அடுக்கிய ட்ரேயை ஒவ்வொரு காலையும் திருத்தி அடுக்கினேன். அவள் அடுக்கியது தவறில்லை. என் கை பழகிய வரிசையில் இல்லை, அவ்வளவுதான். அவள் பக்கத்திலேயே நின்றேன். எட்டு மாதத்தில் வார்டுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். ஏன் என்று கேட்டேன். "நீங்க பக்கத்துல நின்னா, சிஸ்டர், என் கை வேற யாரோட கையோ மாதிரி இருக்கு" என்றாள். அழவில்லை, கோபப்படவில்லை. அந்த வாக்கியத்தை இன்றுவரை சுமக்கிறேன். அவளுக்குத் திறமை இருக்கிறது என்பது எனக்கு முதல் வாரமே தெரியும், தம்பி. அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவள் கை இவ்வளவு ஓடினால் அந்த அறையில் என் கைக்கு என்ன வேலை என்பதுதான் என் பயம். அப்போது அது பயம் என்று எனக்குத் தெரியாது. கவனம் என்று நினைத்திருந்தேன்.

அதனால் திறமையை நிரூபிக்க மேலும் மேலும் உழைக்காதீர்கள். அப்பாவின் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள். ஒரு சிறு பகுதியைக் கேளுங்கள்: ஒரே ஒரு வாடிக்கையாளர், அல்லது ஒரு மாதத்தின் கொள்முதல். இத்தனை நாள், இந்த எல்லைக்கு மேல் போனால் உங்களிடம் வருகிறேன், வாரம் இந்தக் கிழமை நானே விவரம் சொல்கிறேன் என்று எழுதியே கொடுங்கள். அவர் கேட்பதற்கு முன் சொல்லுங்கள். கெட்ட செய்தியை முதலில் சொல்லுங்கள். நல்லதை மட்டும் சொல்பவரை யாராலும் நம்ப முடியாது. அதோடு, அவரால் மட்டுமே முடிகிற ஒன்றுக்காக அவரை உண்மையாகவே தேடிப் போங்கள். தன் கைக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று தெரிந்தவர்தான் பிடியைத் தளர்த்துவார். என்னிடம் அந்தப் பெண் வந்து, "அடுத்த பேட்ச் பிள்ளைகளுக்கு நீங்கதான் சொல்லித் தரணும், ட்ரேயை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லியிருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய கடமை அவளுக்கு இல்லை. நானே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஏழு வருடம் பொறுத்தீர்கள். இப்படி ஒரு வருடம் முயன்றும் ஒரு கடிதம்கூட உங்கள் கைக்கு வரவில்லையென்றால் வேறு இடம் தேடுங்கள். அப்பாமேல் அன்பு இருக்கும்போதே போங்கள், வெறுப்பு வந்த பிறகு போகாதீர்கள்.

கேள்வி: ஆசிரியை நான். "நீ நன்றாக வருவாய்" என்று நம்பினாலே மாணவன் நன்றாக வந்துவிடுவான் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அந்தப் பேச்சின் வேர் ராபர்ட் ரோசன்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் கலிஃபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் செய்த சோதனை, 1968-ல் வெளியானது. ஏறத்தாழ 20 சதவீதக் குழந்தைகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து, இவர்கள் இந்த ஆண்டு மலரப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் அந்தக் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது, ஆனால் முக்கியமாக முதல் இரண்டு வகுப்புகளில்தான். பின்னால் வந்தவர்கள் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். விளைவு பல இடங்களில் சிறிதாகவே இருந்தது. மந்திரம் என்று எண்ண வேண்டாம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. ஸ்டீபன் ராடன்புஷ் 1984-ல் இப்படிப்பட்ட 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார். ஆசிரியர் அந்தக் குழந்தைகளோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழகியிருந்தால், வெளியிலிருந்து யார் என்ன சொன்னாலும் விளைவு ஏறக்குறைய இல்லாமல் போனது. இரண்டே வாரத்தில் ஆசிரியரின் மனதில் பிள்ளையைப் பற்றிய சித்திரம் உறைந்துவிடுகிறது போலும். உங்கள் வகுப்பில் யாரைப் பற்றி நீங்கள் எப்போதோ முடிவு கட்டிவிட்டீர்களோ, அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், பாராட்டு வேண்டாம்.

கேள்வி: மற்றவர்களுக்கெல்லாம் சொல்கிறீர்கள். உங்களை முதலில் நம்பியவர் யார்?

பதில்: என் சீனியர் சிஸ்டர். வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் மாதம், ஓர் இரவுப் பணி. அடுத்தடுத்து இரண்டு அவசர கேஸ். இருந்த சீனியர் அவர் ஒருவர்தான். ஒரு தியேட்டருக்கு அவர் போனார். இன்னொன்றில் என்னைத் தனியாக ஸ்க்ரப் போடச் சொன்னார். அதுவரை நான் தனியாக நின்றதில்லை. என்னோடு வெளியே நின்றவளும் என்னைப் போல் புதியவள்.

மூடும் நேரம் எண்ணினோம். 20 மாப் எடுத்திருந்தோம், 19 இருந்தது. மறுபடி எண்ணினோம், 19. சொன்னேன். சர்ஜனுக்கு எரிச்சல், வயிற்றுக்குள் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டார், உள்ளே இல்லை, நீங்கள் ஆரம்பத்தில் தவறாக எண்ணியிருப்பீர்கள் என்றார். இல்லை, 20 என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த நேரம் சிஸ்டர் அடுத்த தியேட்டரில் முடித்துவிட்டு வாசலில் வந்து நின்றார். "சிஸ்டர், நீங்க வந்து ஒரு தடவை எண்ணுங்க" என்று சர்ஜன் சொன்னார்.

அவர் வந்து எண்ணியிருக்கலாம். யாரும் தவறு சொல்லியிருக்க மாட்டார்கள். "எண்ண வேண்டியவங்க எண்ணியாச்சு, டாக்டர். தேடுவோம்" என்று சொல்லிவிட்டு, முழங்கால் போட்டுத் தரையில் குனிந்து மேஜைக்கு அடியில் தேட ஆரம்பித்தார்.

கிட்டத்தட்ட இருபது நிமிடம். மாப் நோயாளியின் உள்ளே இல்லை, சர்ஜன் சொன்னது சரி. அழுக்குத் துணி வாளியின் உள்விளிம்பில் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் வீணாக்கிவிட்டேனே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சிஸ்டர் அதை இடுக்கியால் எடுத்து எனக்குக் காட்டினார். "இருபது" என்றார். நானும் "இருபது" என்றேன். மூடினார்கள்.

விடிந்ததும் தியேட்டர் ரிஜிஸ்டரை எழுத உட்கார்ந்தார். அதுவரை நான் நின்ற ஒவ்வொரு கேஸிலும் என் பெயருக்குக் கீழே அவர் பெயரும் இருக்கும். அன்று என் பெயரை மட்டும் எழுதி, நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போட்டேன்.